கம்பியில் வந்த பதில்

1

இன்று காலை எங்கள் கட்டடத்தில் சூடு போட்டுவிட்டார்கள். இந்த நாட்டின் வடக்கு ஊர்களில் பழைய கட்டடங்களுக்கு அடியில் ஒரு கொதிகலன் இருக்கும். குளிர் தொடங்கியதும் அதை மூட்டுவார்கள். நீராவி இரும்புக் குழாய்கள் வழியாக மாடி மாடியாக ஏறும். சும்மா ஏறாது. யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல டங், டங் என்று குழாய்கள் சத்தம் போடும். இங்கே பிறந்தவர்களுக்கு அது சந்தோஷமான சத்தம். இனி கம்பளிக்குள் சுருண்டுகொண்டு காப்பி குடிக்க வேண்டாம் என்று அர்த்தம்.

எனக்கு மட்டும் அது ஆகாது. காப்பி போட்டுக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் மகள் ஸ்டெல்லா பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "குழாய்தானே அம்மா, வருஷா வருஷம் இதே முகமா?" என்றாள். அவள் இங்கிலீஷில் சொன்னாள், நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் இப்படித்தான் ஓடுகிறது.

இதை இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இந்த மழைக்காலத்தில் அம்மாவும் போய்விட்டாள். இனி இதைக் கேட்டு மனசு உடைய யாரும் இல்லை. ஏலப்பாறைப் பக்கத்து ஆட்கள் யாராவது படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று கண்டுகொள்வார்கள். கண்டுகொள்ளட்டும். என் அப்பாவைப் பற்றி அவர்கள் பேசிய பேச்சுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

2

ஏலப்பாறையிலிருந்து இன்னும் மேலே ஏறினால் வரும் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அப்பா மரிய அந்தோணிக்குக் கம்பி வேலை. எஸ்டேட் பெயர் வேண்டாம். மேல் டிவிஷனுக்கும் பாக்டரிக்கும் நடுவில் பெரிய பள்ளம். ரோடு சுற்றிப் போனால் சாக்குக்குள் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும். அதனால் வெள்ளைக்கார துரை காலத்திலேயே பள்ளத்துக்குக் குறுக்கே தடித்த இரும்புக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கொழுந்துச் சாக்கை உருளைக் கொக்கியில் மாட்டிவிட்டால் அது தன் கனத்திலேயே ஓடிக் கீழே பாக்டரி மேடைக்குப் போகும். அங்கே ஒருவர் நின்று இறக்கிக்கொள்வார்.

மழைக்காலத்தில் பள்ளம் முழுக்க மஞ்சு மூடிவிடும். மேலே நிற்பவருக்குக் கீழ் மேடை தெரியாது. கத்தினாலும் கேட்காது. அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். மேல் ஆள் கம்பியில் சுத்தியலால் ஒரு அடி அடித்துவிட்டு, கம்பியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். அந்த அதிர்வு கீழ் ஆளின் கையில் பட்டதும், மேடை காலியாக இருந்தால், அவர் உடனே திருப்பி ஒரு அடி அடிப்பார். அது மேலே வந்து கையில் விழும். "அனுப்பு" என்று அர்த்தம். அதற்கு "பதில்" என்றுதான் பேர். பதில் வராமல் சாக்கை விடக்கூடாது.

கீழ் ஆள் என் சூசை மாமா, அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை அம்மாதான் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகவில்லை. எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். அப்பாவும் மாமாவும் பகல் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கம்பியிலேயே பேசிக்கொள்வார்கள். சாயங்காலம் சோற்றுத் தட்டுக்கு முன்னால்தான் வாய்ப்பேச்சு.

"ஏல சூசை, இன்னைக்கு நான் ஒரு அடி அடிச்சா நீ ரெண்டு அடி அடிக்க. என்னல வெளையாட்டு?" என்பார் அப்பா.

"நான் ஒண்ணுதான் அடிச்சேன் அத்தான். ஒங்களுக்கு வயசாயிட்டு, கை தந்தி அடிக்கு" என்பார் மாமா.

அம்மா சிரித்துக்கொண்டே இரண்டு பேருக்கும் குழம்பு ஊற்றுவாள். இந்தச் சண்டை அடிக்கடி நடக்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஒரு ஆடி மாத மழையில் முன்னால் போன சாக்கின் கொக்கி கீழே உருளையில் சிக்கிக்கொண்டது. மாமா மேடை விளிம்பில் ஏறி, கம்பிக்கு நேர் கீழே சாய்ந்து நின்று, இரண்டு கையாலும் அதை விடுவித்துக்கொண்டிருந்தார். மேலே அப்பா ஒரு அடி அடித்தார். கையில் பதில் வந்தது. சாக்கை விட்டார். அது வந்து மோதி மாமா மேடையிலேயே இறந்துபோனார்.

ஆபீசில் விசாரணை வைத்தார்கள். "பதில் வந்தது ஐயா, எங் கையில வந்தது" என்று அப்பா சொன்னார். பாக்டரியில் நின்ற இரண்டு பெண்கள், சூசை கையில் சுத்தியலே இல்லை, இரண்டு கையும் கொக்கியில் இருந்தது என்றார்கள். மானேஜர் அப்பா சொன்னதை எடுத்துக்கொண்டார். பதில் கொடுத்துவிட்டு விலகாமல் நின்றது இறந்தவரின் குற்றம் என்று எழுதி முடித்துவிட்டார். அதற்குப் பிறகு லயத்தில் ஒரே பேச்சுத்தான். அந்தோணி தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொல்லிவிட்டான், செத்தவன் எழுந்து வந்தா மறுக்கப் போகிறான் என்று.

குழாயடியில் ஒருத்தி அம்மாவின் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மா சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "மாதா மேல சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்காவ எம் புருசன். எந்தம்பிதான் அனுப்புன்னு சொன்னான். அவன் சொல்லித்தான் அவிய விட்டாவ. இனி எவளாவது பேசினா நாக்க அறுத்துப்புடுவேன், போங்கட்டி."

அப்பா கம்பி வேலையை விட்டுவிட்டுத் தேயிலைச் செடிகளைக் கழித்துவிடும் கவாத்து வேலைக்குப் போனார். அம்மா சந்தேகப்படவில்லை. நான் சந்தேகப்பட்டேன். அவர் சோறு பிசையும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் கை உண்மை சொன்னதா என்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும் போல இருக்கும். கேட்கத் தைரியம் வந்ததில்லை.

3

கான்வென்ட் சிஸ்டர்கள் என்னைப் படிக்கவைத்தார்கள். லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. கூட இருந்த நர்ஸ்மார் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது நானும் கிளம்பினேன். கணவர் பீட்டருக்கு இங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவு. எனக்கு ஒரு பல்கலைக்கழக லேப்.

என் வேலையைக் கேட்டால் ஊரில் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். விடிந்ததும் கசாப்புக்கூடத்துக்குப் போய்ப் பன்றி மூளைகளை ஐஸ் வாளியில் வாங்கிவர வேண்டும். குளிரறைக்குள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவற்றை அரைத்து, வடித்து, சர்க்கரைக் கரைசலுக்கு மேல் ஊற்றி, சுழலும் எந்திரத்தில் வைத்துச் சுற்றவேண்டும். கடைசியில் கண்ணுக்கே தெரியாத ஒரு படலம் மிஞ்சும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

அந்தப் படலத்தில் இருப்பவை பைகள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தனித்தனி அறைகள் உண்டு. ஒரு அறையில் செய்த சரக்கு அடுத்த அறைக்குப் போகவேண்டும். நடுவே வாசல் கிடையாது. அறையின் சுவரே ஓரிடத்தில் புடைத்து, சரக்கை உள்ளே அடக்கிக்கொண்டு, சின்னப் பையாகக் கழன்று வரும். அது போய் இன்னொரு அறையின் சுவரோடு ஒட்டிக் கலந்து, சரக்கை உள்ளே கொட்டும். சில பைகளைச் சுற்றி ஒரு புரதம் கூடை முடைந்திருக்கும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பிரம்புக் கூடையேதான். அதற்குக் கிளாத்ரின் என்று யாரோ பெயர் வைத்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இத்தனை அறைகள் இருக்கும்போது, பை தனக்கு உரிய அறையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அது யாருக்கும் தெரியாது.

என் புரொபசருக்கு ஒரு எண்ணம் இருந்தது. பையின் மேல் இருக்கும் ஒரு புரதம் போய்த் தட்டுகிறது, சுவரில் இருக்கும் இன்னொரு புரதம் பதில் சொல்கிறது, பதில் வந்தால்தான் பை கலக்கும். முதல் நாள் கரும்பலகையில் படம் போட்டு அவர் இதை விளக்கியபோது எனக்கு அப்பாவின் கம்பி கண்முன் வந்து நின்றது. வேறு லேப்பில் சம்பளம் கூடுதல், ஏன் இந்தப் பன்றி மூளையைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று பீட்டர் கேட்பார். காரணத்தை நான் சொன்னதில்லை.

மைக்ராஸ்கோப் படங்களில் எனக்கு ஒரு பயம் உண்டு. படத்தில் இருப்பது செத்த செல். மருந்து ஊற்றி, அசைவு நின்ற அந்த நிமிஷத்தில் பிடித்து வைத்தது. சுவருக்குப் பக்கத்தில் ஒரு பை நின்றால், அது வந்துகொண்டிருந்ததா, கிளம்பிக்கொண்டிருந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பதில் வந்ததா வரவில்லையா என்று நிச்சயமாகச் சொல்லவே முடியாது. படங்களை அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் எனக்குப் பாக்டரி மேடை ஞாபகம் வரும்.

4

அப்பா ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அதே எஸ்டேட்டில் வேலை செய்யும் என் தங்கை செலினுக்கு லயத்தில் வீடு இருந்தது. அப்பாவும் அம்மாவும் அங்கே போனார்கள். ஒரு குளிர்காலமாவது இங்கே வந்து இருங்கள் என்று எழுதினேன். அம்மா மாட்டேன் என்றாள். தம்பியின் குழியை விட்டுவிட்டு வரமாட்டாளாம். அப்பா மட்டும் கிளம்பினார்.

எமர்ஜென்சி காலம் அது. பஸ் நேரத்துக்கு வருகிறது என்று அப்பாவுக்கு ஆச்சரியம், பாஸ்போர்ட் ஆபீஸ்தான் நேரத்துக்கு வரவில்லை. ஞானஸ்நானச் சீட்டில் கோட்டயம் ஜில்லா, ரேஷன் கார்டில் இடுக்கி ஜில்லா. நடுவில் அரசாங்கம் ஜில்லாவைப் பிரித்துவிட்டது. அப்பா நகரவே இல்லை, ஜில்லாதான் நகர்ந்தது என்று கிளார்க்குக்கு விளங்கவைக்க வில்லேஜ் ஆபீசரிடம் ஒரு சர்டிபிகட், அதற்குத் தாசில்தாரிடம் ஒரு சீல். இங்கே வந்து இறங்கினால் இன்னொரு கூத்து. மரியா என்று பார்த்தவுடன் பெண் என்று முடிவு செய்து, குடியேற்ற அதிகாரி அப்பாவின் மீசையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மாதாவின் பெயரை ஆம்பிளைக்கும் வைக்கும் ஊர் ஒன்று இருக்கிறது என்று நான் ஏழெட்டுத் தரம் சொல்லியும் அவர் நம்பவில்லை. பீட்டர் வந்து சொன்னதும் நம்பினார்.

சூடு போட்ட முதல் நாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அப்பா கூடத்தில் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பை எனக்குத் தெரியும். மழைக்கோட்டு மட்டும்தான் இல்லை.

"யாரு அடிக்கா?"

"யாரும் அடிக்கலப்பா. கீழ கொதிகலன் மூட்டியிருக்காங்க. சூடு ஏறும்போது இரும்பு சத்தம் போடும்."

"இல்லட்டி. கைல தெரியுது" என்றார். கையைக் குழாயிலிருந்து எடுக்கவில்லை.

ஸ்டெல்லாவுக்கும் அவருக்கும் பொது பாஷை கிடையாது. அவளுக்குத் தெரிந்த தமிழ் தாத்தா, தண்ணி, வேண்டாம் என்ற மூன்றோடு சரி. ஆனால் அந்தக் குழாயை வைத்து இரண்டு பேரும் ஒரு சிநேகம் பிடித்துக்கொண்டார்கள். காலையில் அவள் தன் அறைக் குழாயில் கரண்டியால் தட்டுவாள். கூடத்தில் இவர் ஒரு தட்டு. அவள் கெக்கெக்கே என்று சிரிப்பாள். பள்ளிக்கூட பஸ் வரும்வரை இதே வேலை. மாமாவின் சாவுக்குப் பிறகு அப்பா இப்படி விளையாடி நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த நாட்களில் நெஞ்சு நிறைந்திருந்தது.

ஒரு மத்தியானம் தலைவலி என்று லேப்பிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அப்பா கரண்டியோடு குழாயருகே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "பாப்பா பதில் குடுக்கா பாரு."

"அப்பா, அவ ஸ்கூல்ல இருக்கா."

அவர் கையைக் குழாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். "அப்ப எவன் குடுக்கான்?" என்றார். மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கப் போய்விட்டேன்.

5

அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் லேப்பில் பெரிய கொண்டாட்டம் வந்தது. கூடைப் புரதத்தின் மேல் கதிர் வீசும் அயோடினைத் தடவி, அறைச்சுவர்த் துண்டுகளோடு ஒரே சோதனைக் குழாயில் கலந்து, சுற்றி, அடியில் படிந்த வண்டலை எண்ணும் எந்திரத்தில் வைத்தேன். புரதம் சுவரைப் பிடித்திருந்தால் அதோடு சேர்ந்து அடிக்குப் போயிருக்கும், எண்ணிக்கை ஏறும். ஏறியது. ஏறிக்கொண்டே போனது. புரொபசர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாயங்காலம் கேக் வாங்கிவந்தார். தட்டுகிறவரும் பதில் சொல்கிறவரும் அகப்பட்டுவிட்டார்கள் என்று அவர் நம்பினார், நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

கட்டுரை எழுதுமுன் ஒரு சோதனை பாக்கி இருந்தது. சுவர்த் துண்டே போடாத குழாய் ஒன்றையும் அதேபோல் சுற்றி எண்ணிப் பார்க்கவேண்டும். சடங்குக்குச் செய்வதுதான். செய்தேன். எண்ணிக்கை அதே அளவு ஏறியது. சுவர் இல்லாத இடத்திலும் அந்தப் புரதங்கள் ஒன்றையொன்று பிடித்து வெறுங்கூடையாகப் பின்னிக்கொண்டு அடிக்குப் போயிருந்தன. உள்ளே பையும் இல்லை, எதிரே சுவரும் இல்லை. புரொபசர் ரொம்ப நேரம் காகிதத்தைப் பார்த்தார். "நாம் தட்டியது நமக்கே கேட்டிருக்கிறது" என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு மீதிக் கேக்கைக் குப்பையில் போட்டார்.

அந்த வாரமே சுழல் எந்திரம் பழுதாகி அதைச் சரிபார்க்க மெக்கானிக் வால்டர் வந்தார். பேச்சுக்காரர். நான் மலைக்காரி என்று தெரிந்ததும் தானும் மலையில் வேலை பார்த்தவர் என்றார். பனியில் சறுக்க வருபவர்களை உச்சிக்குத் தூக்கிப் போகும் நாற்காலிக் கம்பியில் வேலையாம். எங்கள் கொழுந்துக் கம்பியைப் பற்றிச் சொன்னேன். விபத்தைச் சொல்லவில்லை. கம்பியை அடித்துப் பதில் வாங்குவதைச் சொன்னதும் அவர் தலையாட்டினார். "நாங்களும் அடிப்போம். கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க. அடித்துவிட்டு, அடி திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்போம்."

"அந்தப் பக்கம் திருப்பி அடிப்பது யார்?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லையே. நம் அடிதான். அந்த முனைவரை ஓடி, முட்டி, நம்மிடமே திரும்பி வரும்" என்றார் அவர். திருகாணியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

நான் காப்பிக் கோப்பையை மேஜையில் வைத்தேன். மாமா அதிர்வு கையில் பட்டதும் அந்தக் கணமே திருப்பி அடிப்பவர். அவர் அடியும், முட்டித் திரும்பும் அப்பாவின் அடியும் ஒன்றாகவே ஓடிவந்து ஒரே அடியாகக் கையில் விழும். மாமா ஏதாவது வேலையில் கொஞ்சம் தாமதித்தால் முதலில் ஒன்று வரும், பிறகு ஒன்று வரும். அதனால்தான் அந்தச் சோற்றுத் தட்டுச் சண்டை. மற்ற நாட்களில் சாக்கு போய்ச் சேருமுன் மேடை காலியாகிவிடும், அதனால் யாருக்கும் இது தெரியவில்லை. அன்றைக்கு மாமாவின் கைகள் கொக்கியில் இருந்தன. அப்பாவின் கையில் வந்து விழுந்தது அப்பாவின் அடி.

அப்படியென்றால் அப்பா பொய் சொல்லவில்லை. பாக்டரிப் பெண்களும் பொய் சொல்லவில்லை. குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாளிகளுக்கு நடுவே நின்று அழுதேன். இத்தனை வருஷமும் சுமந்த சந்தேகம் போய்விட்ட சந்தோஷத்தில் அழுதேன். நான் லீவு கேட்டதும் புரொபசர் கொடுத்துவிட்டார், கேக் குப்பைக்குப் போன துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

6

வீட்டுக்குப் போகும் வழியில் துணி காயப்போடும் கயிறு வாங்கினேன். அப்பா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கயிற்றின் ஒரு முனையை வாசல் கதவுக் கைப்பிடியில் கட்டி, நடைவழி நீளத்துக்கு இழுத்து, மறு முனையை அவர் கையில் கொடுத்தேன்.

"இழுத்துப் பிடிச்சு ஒரு உதறு உதறுங்கப்பா."

உதறினார். கயிற்றில் ஒரு மேடு எழுந்து கதவுவரை ஓடியது. கதவில் முட்டியது. அப்படியே திரும்பி ஓடிவந்து அவர் கையை ஆட்டியது.

"கைல வந்துட்டே" என்றார்.

"கதவுல யாருப்பா இருக்கா?"

"யாரும் இல்ல."

நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். கம்பியைச் சொன்னேன், இரண்டு அடியாக வந்த நாட்களைச் சொன்னேன், மாமாவின் கைகள் கொக்கியில் இருந்ததைச் சொன்னேன். "நீங்க பொய் சொல்லலப்பா. ஒங்க கைல நெசமாவே வந்துச்சு. லயத்துல எல்லாவனும் தப்பாப் பேசினான்."

அவர் இன்னொரு தடவை உதறினார். மேடு ஓடிப்போய்த் திரும்பி வந்தது. கயிற்றை மெதுவாகக் கீழே விட்டார்.

"அப்ப சூசை பதில் சொல்லலையா?"

"இல்லப்பா."

"நீயும் நான் பொய் சொன்னேன்னு நெனச்சியாட்டி?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கிழங்குத் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். கத்தியை எடுத்தார், உரிக்கவில்லை.

"எவன் என்ன பேசினாலும் எனக்கு ஒண்ணுமில்ல. நான் பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும்லா. அவன் அனுப்புங்க அத்தான்னு சொன்னான், நான் அனுப்பிச்சேன். அவன் நேரம் அவ்வளவுதான்னு இருந்தேன். அத வச்சுத்தான் இத்தன வருசம் சோறு எறங்கிச்சு. இப்ப பாத்தா அவன் ஒண்ணுமே சொல்லல. நானே எனக்குச் சொல்லிக்கிட்டு அவன் மேல விட்டிருக்கேன்."

"தெரியாமத்தானப்பா..."

"தெரியாமத்தான்" என்றார். கத்தியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது. "ஒங்க அம்மைக்கு எழுதிராத தாயி. அவ என்னோட இருந்தது அவ தம்பி சொன்ன அந்த ஒரு சொல்லுக்காகத்தான். அதையும் எடுத்துட்டா கெழவி என்னத்தப் பிடிச்சுக்கிட்டு இருப்பா?"

எழுதமாட்டேன் என்று சொன்னேன். நல்லது என்று நினைத்து நான் அவருக்குக் கொண்டுவந்த சரக்கு இது. திருப்பி எடுத்துக்கொள்ள வழியில்லை.

மறுநாள் காலையில் ஸ்டெல்லா தன் அறையில் தட்டினாள். கூடத்திலிருந்து சத்தம் இல்லை. மறுபடி தட்டினாள். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாத்தாவுக்கு என் மேல் கோபமா என்று அவள் என்னிடம் இங்கிலீஷில் கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன். சில நாள் தட்டிப் பார்த்துவிட்டு அவளும் விட்டுவிட்டாள். டெலிவிஷன் பக்கம் போய்விட்டாள். பனி உருகுமுன்பே அப்பா ஊருக்குப் புறப்பட்டார். விசாவில் இன்னும் காலம் இருந்தது. இருங்கள் என்று நான் சொல்லவில்லை.

7

எங்கள் லேப்பில் பதில் சொல்லும் புரதம் இன்னும் அகப்படவில்லை. இந்த வருஷம் வேறொரு லேப்பிலிருந்து ஒரு படம் வந்திருக்கிறது. ஈஸ்ட் செல், நம் ஊரில் ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் அதே ஈஸ்ட். அதில் ஏதோ ஒன்று பழுதான ஒரு வகையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சூட்டில் வைத்தால் பைகள் உண்டாகின்றன, சேர வேண்டிய இடத்தில் சேர முடிவதில்லை. செல் முழுக்கப் பைகளாகப் பிதுங்கி நிற்கிறது. எல்லோரும் ஆகா என்று சுற்றி நின்று பார்த்தார்கள். நான் ஒரு தரம் பார்த்துவிட்டு மூளை வாளியைக் கழுவப் போய்விட்டேன்.

ஊருக்குப் போன பிறகு அப்பா அதிகம் பேசுவதில்லை என்று செலின் எழுதினாள். அமெரிக்கக் குளிர் உள்ளே புகுந்துவிட்டது, அதான் இப்படி என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவருக்குத் தினமும் வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறாள். அடுத்த வருஷத்து மழை முடியும் முன்பே அவர் போய்விட்டார். தந்தி வந்து, லீவு வாங்கி, டிக்கெட் கிடைத்து, நான் முப்பதாம் நாள் பூசைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

எஸ்டேட் கல்லறைத் தோட்டத்தில் அவரை மாமாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். இடம் கேட்டு மானேஜரிடம் சண்டை போட்டது அம்மா. பூசை முடிந்து, சாமியார் போய், சனமெல்லாம் இறங்கிப்போன பிறகு நானும் அவளும் மட்டும் நின்றோம். மஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி நிற்கவில்லை, நான் திரும்பத் திரும்பப் பற்றவைத்தேன். எனக்கு அழுகை அடங்கவில்லை. அப்பாவை அந்தக் கயிற்றோடு தனியாக விட்டுவிட்டேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அம்மாவிடம் சொல்லிவிட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் வாய்வரை வந்தது.

அம்மா என் முதுகில் கை வைத்தாள்.

"என்னத்துக்குட்டி இப்படி அழுத? அவிய ஒத்தையிலயா போயிருக்காவ? அங்கன எந்தம்பி நிக்கான்லா. அனுப்புங்கன்னு சொன்னவன் அவன்தான. அவனே கை நீட்டி எறக்கிக்கிடுவான்."

அணைந்த மெழுகுவர்த்தியை நான் மறுபடி பற்றவைத்தேன். அவள் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"நான் சொல்லுதது சரிதான?"

"சரிதாம்மா" என்றேன். "மாமா எறக்கிக்கிடுவாவ."